கேமரா எதைப் பார்க்கிறது?

டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே பேசலாம், அவசரம் ஒன்றுமில்லை. பயிரைப் படம் பிடித்து அதன் நோயைக் கண்காணிக்கிறார்கள் என்று இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. ட்ரோன் பறக்கிறது, செயற்கைக்கோள் பார்க்கிறது, செல்போனைக் காட்டினால் நோயின் பெயர் வருகிறது என்கிறார்கள். எப்படி என்று மட்டும் யாரும் நின்று சொல்வதில்லை. அந்த 'எப்படி'யைத்தான் நாம் இன்று படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். கொல்லிமலையில் எடப்புளி நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்த மலையில் ஊராட்சிகளின் பெயரே பெரும்பாலும் நாடு என்றுதான் முடியும்: வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு. 70 கொண்டைஊசி வளைவுகள் ஏறிப் போனால், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் தினையும், பள்ளத்தில் நெல்லும் விளைகிற ஊர்கள். மரவள்ளி வந்து பல காடுகளைப் பிடித்துக்கொண்ட பிறகும் சிறுதானியம் அங்கே முற்றாகப் போய்விடவில்லை. கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு என்று வகைவகையான நாட்டு விதைகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் மலை அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே உழவர்களோடு சேர்ந்து அந்த விதைகளுக்காக வேலை செய்துவருகிறது.

கேழ்வரகுக்கு வரும் நோய்களில் பெரியது குலைநோய். இந்தியாவில் கேழ்வரகில் இது இருப்பதை 1920-ல் முதலில் எழுதிவைத்தவர் மெக்ரே. அவர் பார்த்தது நம் தஞ்சை டெல்டாவில். நோயைக் கொண்டுவருவது பைரிகுலேரியா என்னும் பூஞ்சை. நெல்லுக்குக் குலைநோய் தருவதும் இதன் நெருங்கிய உறவுதான். இலையில் வந்தால் இருபுறமும் கூம்பிய புள்ளி. கதிருக்குக் கீழே கழுத்தில் வந்தால் கழுத்து கறுத்து, மேலே உணவு ஏறாமல், கதிர் பதராகிவிடும். விரல்களில் வந்தால் அந்த விரலில் மணி பிடிக்காது. இலையில் வருவதைப் பயிர் ஓரளவு தாங்கும். கழுத்தில் வந்தால் அறுக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பூஞ்சை இலைக்குள் எப்படிப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். காற்றில் வரும் பூஞ்சை விதைக்கு வித்து என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு. அது பனியிலோ மழையிலோ நனைந்த இலைமேல் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. ஓரிரண்டு மணி நேரத்தில் முளைக்கிறது. முளையின் நுனி உருண்டு, கறுத்த சுவருள்ள ஒரு சின்னக் குமிழாகிறது. அந்தக் குமிழுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை அது ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அந்த விசையில் இலையின் தோலைக் குத்திக்கொண்டு பூஞ்சை உள்ளே இறங்குகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும்.

உள்ளே போனதும் அது இலையை உடனே கொல்வதில்லை. உயிரோடிருக்கும் உயிரணுவுக்குள் தங்கி, அதன் உணவையே உண்டு, பக்கத்து உயிரணுவுக்கு நகர்கிறது. வெளியே பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் புள்ளி தெரியும். புள்ளி தெரிந்தபின், ஈரம் இருந்தால், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் வித்துகள் கிளம்பும். ஆகவே நாம் 'இன்றைக்கு நோய் வந்திருக்கிறது' என்று சொல்லும் நாளில், நோய்க்கு ஒரு வார வயது ஆகியிருக்கலாம்.

இலைக்குள் நடந்த இதெல்லாம் எப்படித் தெரியும்? படம் பிடித்துத்தான். கடலில் ஒருவகை ஜெல்லி மீன், தன் உடலில் உள்ள ஒரு புரதத்தால் பச்சையாக ஒளிரும். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை எடுத்துப் பூஞ்சைக்குள் வைத்துவிட்டால், பூஞ்சையும் ஒளிரும். நீல ஒளியைப் பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தால், இலையின் உயிரணுக்களுக்கு நடுவே பச்சை இழையாகப் பூஞ்சை நகர்வதை மணிக்கணக்கில் தொடர்ந்து படமெடுக்கலாம். இந்தப் புரதத்தைக் கண்டு, பயன்படும்படி செய்தவர்கள் மூவருக்கு 2008-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதே வழியில் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் நிக் டால்பட்டின் குழு நெல் குலைநோய்ப் பூஞ்சையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூஞ்சையின் ஒரே ஒரு நொதியை முடக்கியதும் அது நுழைந்த உயிரணுவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அடுத்ததற்குப் போக முடியாமல் நின்றது. 2018-ல் இதை வெளியிட்டார்கள்.

பூஞ்சையை நேராகக் காட்டும் படம் இப்படிப்பட்டதுதான். அதற்கு ஆய்வகம் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும், ஒளிரும்படி மாற்றிய பூஞ்சை வேண்டும். எடப்புளி நாட்டுச் சரிவில் நிற்கும் கேழ்வரகுக் காட்டை அந்த நுண்ணோக்கியின் கீழே வைக்க முடியாது. காட்டை முழுதாகப் பார்க்க எட்டி நின்று எடுக்கும் படம்தான் வழி. அதற்கு இலையும் வெளிச்சமும் எப்படிப் பழகுகின்றன என்று தெரிய வேண்டும்.

வெயிலில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. நல்ல இலை அதில் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கி உணவு செய்கிறது. பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதி உண்டு. அண்மை அகச்சிவப்பு என்று அதைச் சொல்வார்கள். இலைக்கு அது தேவையில்லை. இலைக்குள் உயிரணுக்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளில் பட்டு, கிட்டத்தட்டப் பாதி வெளியே திரும்பிவிடும். நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரியுமானால் பயிர்க்காடு முழுக்க அந்த நிறத்தில்தான் ஜொலிக்கும்.

இலைக்கு முடியாமல் போனால் இரண்டு மாற்றங்கள் நடக்கும். பச்சையம் குறைவதால் சிவப்பை முன்போல் விழுங்காது. திரும்பி வரும் சிவப்பு கூடும். உள்கட்டமைப்பு குலைவதால் திரும்பி வரும் அகச்சிவப்பு குறையும். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிட்டால் வேலை சுலபம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். ஓர் இலை நூற்றுக்கு 50 அகச்சிவப்பும் 5 சிவப்பும் திருப்பினால், 45-ஐ 55-ஆல் வகுக்க 0.82 வரும். அதே இலை வாடி 35-ம் 12-ம் திருப்பினால், 23-ஐ 47-ஆல் வகுக்க 0.49. ட்ரோன் படத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகக் காட்டுகிறார்களே, அந்த நிறங்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் படிகளாகப் பிரித்துப் பூசிய சாயம்தான்.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிற ஒரு தவறான எண்ணத்தை நாம் நின்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் சிவப்பாக ஒரு திட்டைக் கண்டதும், 'கேமரா பூஞ்சையைப் பார்த்துவிட்டது' என்று நினைத்துவிடுகிறோம். கேமரா பூஞ்சையைப் பார்க்கவில்லை. பயிருக்கு ஏதோ முடியவில்லை என்பதை மட்டும் பார்த்திருக்கிறது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து 'காய்ச்சல்' என்கிறாள் அம்மா. அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது மலேரியாவா, டைபாய்டா, மழையில் நனைந்ததா என்பது நெற்றியில் எழுதியிருக்காது. ட்ரோன் செய்வது நெற்றியைத் தொடும் வேலை. அதை ரத்தப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் கதை. இரண்டாம் உலகப்போரில் அகச்சிவப்பு ஃபிலிம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பச்சைச் சாயம் பூசிய வலையைப் போர்த்திப் பீரங்கியை மறைத்தால் கண் ஏமாறும், ஃபிலிம் ஏமாறாது. உயிருள்ள இலை அகச்சிவப்பைத் திருப்பும், சாயம் அந்த அளவு திருப்பாது. போருக்குப் பின் கலிபோர்னியாவில் ராபர்ட் கால்வெல் அந்த ஃபிலிமை வயல்மேல் திருப்பினார். தானியப் பயிர்களில் துரு முதலான நோய்களை விமானத்திலிருந்து படமெடுத்துக் கணிக்கலாம் என்று 1956-ல் எழுதினார். எதிரியின் பீரங்கியைத் தேட வந்த ஃபிலிமுக்கு உண்மையில் தெரிந்தது, எந்த இலை நலமாக இருக்கிறது, எது இல்லை என்பதுதான். வயலிலும் அதற்குத் தெரிந்தது அதுவேதான்.

நம் நாட்டில் இது தென்னையில் தொடங்கியது. 1970 வாக்கில், இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி.ஆர். பிஷாரடியின் முன்முயற்சியில், கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் போய் அகச்சிவப்பு ஃபிலிமில் படமெடுத்தார்கள். தேடியது வேர்வாடல் நோயை. நோயுற்ற மரங்கள் படத்தில் தனியே தெரிந்தன. ஆனால் அந்த நோயைத் தருவது எது என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அது பூஞ்சையே இல்லை, ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் என்ற தெளிவு பின்னால்தான் வந்தது. நோய்க்கிருமி எதுவென்றே தெரியாத காலத்தில் கேமராவுக்கு நோய்மரம் தெரிந்தது என்றால், அது பார்த்தது கிருமியை அல்ல, மரத்தை என்பது விளங்குகிறதல்லவா?

இன்னொன்று, தானியப் பயிரிலேயே, நம் மலைகளிலேயே நடந்தது. கோதுமையின் தண்டுத்துருப் பூஞ்சை வடநாட்டுக் கோடை வெப்பத்தைத் தாங்காமல் அழிந்துவிடும். நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் அது ஆண்டு முழுதும் உயிர்பிழைத்துக் கிடக்கும். அங்கிருந்து வித்துகள் காற்றேறி மத்திய இந்தியாவுக்குப் போகின்றன. எப்போது போகும் என்று எப்படி அறிவது? 1970-களில் எஸ். நாகராஜனும் எச். சிங்கும் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். கடலில் புயல் எங்கே உருவாகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே கரைந்து மழையாகிறது என்று பார்த்தார்கள். தெற்கு மலைகளிலிருந்து வித்தைச் சுமந்துபோய் வடக்கே மழையோடு இறக்கக்கூடிய வானிலை அமைப்பு எது என்று விதிகளாக வகுத்தார்கள். படத்தில் பூஞ்சை இல்லை, பயிர்கூட இல்லை, மேகம் மட்டும்தான். இருந்தும் நோய் போகும் பாதை அதில் கிடைத்தது. அந்தப் பூஞ்சை எங்கே வாழ்கிறது, எதில் பயணிக்கிறது என்ற அறிவு முன்பே கையில் இருந்ததால்தான் அந்த மேகப் படம் பேசியது.

சரி, காய்ச்சல் என்று தெரிந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நெல் வயலே சாட்சி. குலைநோய்ப் புள்ளி இருமுனையும் கூம்பி, நடுவில் சாம்பலாக இருக்கும். பழுப்புப் புள்ளி நோய் என்று இன்னொன்று உண்டு. அதன் புள்ளி எள் வடிவில், சுற்றிலும் மஞ்சள் படர்ந்து இருக்கும். எட்டத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெளிறிய திட்டுதான். பழுப்புப் புள்ளி பெரும்பாலும் சத்தில்லாத மண்ணில் வரும். அதற்கு உரம் போட்டு மண்ணைத் தேற்ற வேண்டும். குலைநோயோ தழைச்சத்து மிஞ்சிய பயிரில் செழிக்கும். அதற்கு யூரியாவை நிறுத்த வேண்டும். தழைச்சத்துப் பற்றாக்குறையும் வானத்திலிருந்து வெளிறலாகத்தான் தெரியும். 'இந்தத் திட்டில் சத்துக் குறைவு' என்று எண்ணி குலைநோய்த் திட்டில் யூரியாவைத் தூவினால், நோய்க்கு நாமே தீனி போட்டதாகும்.

அப்படியானால் கிட்டே போய் செல்போனில் படமெடுத்தால் தெரிந்துவிடுமே? கிட்டே போனால் புள்ளியின் வடிவம் தெரியும், உண்மைதான். செயலிகள் அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்கின்றன. முன்பே பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினிக்குப் பழக்கியிருப்பார்கள். இதில் 2016-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களை வைத்துப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களைக் காட்டியபோது 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு இடங்களிலிருந்து கிடைத்த படங்களைக் காட்டியதும் 31 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. பழகிய படங்களில் இலையைப் பறித்து, ஒரே மாதிரி பின்னணியில், ஒரே மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடுத்திருந்தார்கள். வெளியுலகத்து இலை அப்படி நின்று போஸ் கொடுக்காது.

அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, தக்காளி உண்டு, மக்காச்சோளம் உண்டு. கேழ்வரகு இல்லை, சாமை இல்லை, தினை இல்லை. பிறகு வந்த செயலிகள் நிறையத் தேறியிருக்கின்றன. ஒன்றிய அரசும் 2024 ஆகஸ்டில் பூச்சி, நோய்களைப் படத்தால் அறியும் தேசியக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் கணினி பார்த்துப் பழகாத பயிரைப் பற்றி அதனிடம் நம்பிக்கையான பதிலை எதிர்பார்க்க முடியாது என்ற அடிப்படை மாறவில்லை. தெரியாத இலையைக் காட்டினாலும் தெரிந்த பெயர்களில் ஒன்றை அது உறுதியான குரலில் சொல்லிவிடக்கூடும்.

இப்போது எடப்புளி நாட்டுக்குத் திரும்புவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒரு புள்ளி, தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். பஞ்சாபின் கோதுமைப் பரப்புக்கு இது தாராளம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சின்னக் காடுகளில், ஒரே புள்ளிக்குள் கேழ்வரகும் வரப்பும் பக்கத்து மரவள்ளியும் ஒரு பலாமரத்தின் நிழலும் கலந்துவிடும். குலைநோய்க்குப் பிடித்தது மழையும் மூட்டமும். அதே மூட்டம் செயற்கைக்கோளின் கண்ணையும் மறைக்கும். நோய் பரவும் நாளில் படம் கிடைக்காது, படம் கிடைக்கும் நாளில் நோய் பரவி முடிந்திருக்கும்.

ட்ரோன் தாழப் பறப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மலையில் வேறொரு சங்கடம் உண்டு. நாட்டு வகைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் முற்றுபவை. கதிர் முற்றி இலை மஞ்சளிப்பதும் நோயால் மஞ்சளிப்பதும் நாம் மேலே கணக்கிட்ட அந்த எண்ணில் ஒன்றுபோலவே விழும். எந்தக் காட்டில் எந்த விதை, எப்போது விதைத்தது என்று உழவர் சொல்லாவிட்டால், அறுவடைக்குத் தயாரான காட்டை வரைபடம் நோய்க்காடு என்று காட்டும்.

இவ்வளவு குறை சொன்னபின், படத்தால் பயனே இல்லையோ என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு வேலைகளில் அதை மிஞ்ச ஆளில்லை. முதலாவது, எங்கே போய்ப் பார்ப்பது என்று காட்டுவது. சரிவு முழுக்க ஏறி இறங்கி ஒவ்வொரு செடியையும் யாராலும் பார்க்க முடியாது. போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், எந்தத் திட்டு பெரிதாகியிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். ஒற்றைப் படத்தைவிட அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு மதிப்பு அதிகம். நோயின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் நடை தெரியும்.

இரண்டாவது, அளப்பது. எந்த விதை குலைநோயைத் தாங்குகிறது என்று சோதிக்கும்போது, பல வகைகளை அடுத்தடுத்து விதைத்து, இலையில் எத்தனை பங்கு புள்ளி என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒருவர் கண்ணுக்குப் பத்து விழுக்காடாகத் தெரிவது இன்னொருவருக்கு இருபதாகத் தெரியும். படத்தில் கணினி அந்தப் பரப்பை எண்ணிச் சொன்னால் யார் அளந்தாலும் ஒரே விடை. இங்கே நோயின் பெயர் முன்பே தெரியும், அளவு மட்டும்தான் தெரிய வேண்டும். அதனால் கேமராவின் குறை இங்கே குறையாகாது. சுருட்டைக் கேழ்வரகும் பெருங்கேழ்வரகும் நோயை எப்படித் தாங்குகின்றன என்பதை இப்படி நிதானமாக அளந்து வைத்தால், அந்த விதைகளைக் காப்பதற்கு இன்னொரு நல்ல காரணமும் கிடைக்கும்.

ஆகவே நாம் நினைவில் வைக்க வேண்டியது சொற்பம். படத்தில் திட்டு தெரிந்தால் முதலில் அங்கே நடந்து போங்கள். இலையை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கதிர் வந்த பயிரானால் கழுத்தைப் பாருங்கள். செல்போனில் எடுத்தால் ஒரு செடியை மட்டும் எடுக்காமல், புள்ளியைக் கிட்டத்தில் ஒன்று, செடி முழுவதும் ஒன்று, காடு தெரியும்படி ஒன்று என்று எடுத்து, என்ன விதை, எப்போது விதைத்தது, கடைசியாக என்ன உரம் போட்டது என்பதையும் சேர்த்து நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டார வேளாண் அலுவலருக்கோ அனுப்புங்கள். அவர்கள் பதில் வரும்வரை யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.